மூன்று பேட்டரி, ஒரு நட்டு

இரவு மூன்று மணி பத்து நிமிடம். காற்று திசை மாறியதை முதலில் கண்டுபிடித்தது காதுதான். பாய்மரத்தில் கயிறு அடிக்கிற சத்தம் வேறு தாளத்துக்குப் போயிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால், படுக்கப் போகும்போது படகுக்கு முன்னால் தெரிந்த பாறைகள் இப்போது பின்னால் நின்றன. நங்கூரம் மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தது. பாறைக்கும் எங்களுக்கும் 60 மீட்டர் இருக்கும்.

சாவியைத் திருப்பி பட்டனை அழுத்தினேன். டிக். திரும்பவும் அழுத்தினேன். டிக்.

"பேட்டரி போச்சு," என்றார் கணவர், படியில் ஏறிக்கொண்டே.

"மூணுமா போச்சு?"

ஸ்விட்சை ஒன்றாம் எண்ணிலிருந்து இரண்டுக்குத் திருப்பினார். டிக். இரண்டையும் சேர்க்கும் நிலைக்குத் திருப்பினார். அதே டிக். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஃப்ரிட்ஜ் பாட்டுக்கு ஓடுகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் இன்னும் 20 மீட்டர் சங்கிலியை விட்டோம். நல்லவேளை, பிடித்துக்கொண்டது. பாறைக்கு மீதி 40 மீட்டர். பாயின் உறையைக் கழற்றி, இரண்டாவது நங்கூரத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, விடியும்வரை அந்தப் பாறைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிகிற நேரத்தில் காற்று தணிந்தது.

எங்களுடையது 34 அடி பாய்மரப் படகு. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அப்போதிருந்த ஏற்பாடு பழைய படகுகளில் பார்க்கிற அதே ஏற்பாடுதான்: எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டு பேட்டரி, நடுவில் ஒரு சிவப்பு வட்ட ஸ்விட்ச். ஒரு தடவை அந்த ஸ்விட்சை இரண்டையும் சேர்த்த நிலையிலேயே மறந்து விட்டுவிட்டுத் தூங்கிப் போனோம். ஃப்ரிட்ஜ் இரண்டு பேட்டரியையும் உறிஞ்சித் தீர்த்துவிட்டது. அதற்குப் பிறகு புத்தி வந்ததாக நினைத்துக்கொண்டு வாங்கியதுதான் மூன்றாவது பேட்டரி. இனி கவலை இல்லை என்று பேசிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விடிந்ததும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு எஞ்சின் அறையில் உட்கார்ந்தேன். நான் இருபது வருடம் கணக்கு எழுதியவள், எலக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடத் தெரியும்.

எஞ்சின் பேட்டரியில் 12.7 வோல்ட். ஈய-அமில பேட்டரிக்கு அது நிறைந்த வயிறு. 12.1, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சரி, சும்மா இருக்கும்போது காட்டுகிற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது ஜம்மென்று காட்டும். மீட்டரை அப்படியே பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு, மேலே அவரை பட்டனை அழுத்தச் சொன்னேன். டிக். மீட்டரில் 12.5.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் உண்மையாகவே மின்சாரத்தை இழுத்தால், நல்ல பேட்டரியே பத்தரை, பதினொன்று என்று இறங்கித்தான் ஆக வேண்டும். பேட்டரி செத்திருந்தால் ஏழு, எட்டு என்று சரியும். இங்கே இறங்கவே இல்லை என்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். அல்லது கேட்டது போய்ச் சேரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொரு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு தடித்த கேபிள். பட்டனை அழுத்தினால் கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடம். ஒன்பதைத் தாண்டித் துள்ளியது. பேட்டரி கொடுத்ததில் முக்கால் பங்கு அந்த ஒரு கேபிளிலேயே காணாமல் போகிறது.

கேபிளைத் தடவிக்கொண்டே போனால், எஞ்சினின் அடியில், கை மட்டும் நுழைகிற ஒரு மூலையில் முடிந்தது. ஸ்பேனரை வைக்கும் முன்பே நட்டு விரலுக்குச் சுழன்றது. கேபிள் முனையில் இருக்கிற செம்பு வளையத்தை, அதாவது லக்கைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. லக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் யாரோ ஒரு வாஷரைப் போட்டிருந்தார்கள், அது துருப்பிடித்து பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வாஷர் எப்போதும் லக்குக்கு மேலே, நட்டுக்கு அடியில்தான் வரவேண்டும். லக் நேராக உலோகத்தின் மேல் உட்கார வேண்டும். உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, வாஷரை இடம் மாற்றி, இறுக்கினேன். ஒரே அழுத்தில் எஞ்சின் கிளம்பியது. மொத்தம் பதினைந்து நிமிட வேலை.

மூன்று பேட்டரியின் நெகட்டிவும் ஒன்றாகச் சேர்ந்து அந்த ஒரே கேபிள் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது வாங்கியிருந்தாலும் அதுவும் அந்த நட்டிடம்தான் போய் நின்றிருக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே காலையில் எஞ்சின் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். எடுத்ததற்கெல்லாம் பேட்டரி மேல் பழி போடுவது சுலபம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது அல்லவா.

அப்புறம்தான் காகிதத்தை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எங்களுடையது போன்ற எஞ்சினின் ஸ்டார்ட்டர் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நொடியில் கிளம்பிவிடுகிறது. 200-ஐ மூன்றால் பெருக்கினால் 600 ஆம்பியர்-நொடி. ஒரு மணிக்கு 3600 நொடி. ஆக, ஒரு தடவை எஞ்சினைக் கிளப்ப ஆகும் செலவு ஆறில் ஒரு பங்கு ஆம்பியர்-மணி. அவ்வளவுதான். படகில் ஒரு ஃப்ரிட்ஜ் சில நிமிடங்களில் சாப்பிட்டுவிடுகிற அளவு. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் அதை ஓரிரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, எஞ்சினைக் கிளப்ப ராட்சச பேட்டரி வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது. வேண்டியது கொள்ளளவு இல்லை, ஒரே மூச்சில் வீசி அடிக்கிற சக்தி. அதனால்தான் ஸ்டார்ட்டர் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். பரப்பு கூடும், ஒரே சமயத்தில் நிறைய மின்சாரம் வரும். ஆனால் அந்த மெல்லிய தகடுகளை அடிவரை காலி செய்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அதைப் பயன்படுத்துவது குதிரையை ஏரில் பூட்டுவது மாதிரி. வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் குளிரில் கிளப்பும் ஆம்பியர், அதாவது சிசிஏ: மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எவ்வளவு கொடுக்கும் என்பது. எஞ்சின் புத்தகத்தில் எவ்வளவு வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதற்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் போதும்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி. எஞ்சின் பேட்டரிக்கு என்று தனி ஸ்விட்ச், ஸ்டார்ட்டருக்குத் தனி பாசிட்டிவ் கேபிள், எஞ்சின் இரும்புக்குத் தனி நெகட்டிவ் கேபிள், வேறு இடத்தில் வேறு போல்ட். அந்த பேட்டரியில் ஒரு விளக்குகூட மாட்டவில்லை. ரேடியோவை மட்டும் அதில் மாட்டலாமே என்று அவர் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடியாது என்றுவிட்டேன். இன்றைக்கு ரேடியோ என்றால் நாளைக்கு ஆட்டோ பைலட் வந்து நிற்கும்.

கேபிளுக்கும் கணக்குப் போட்டேன். போகவர 5 மீட்டர். 50 சதுர மில்லிமீட்டர் செம்பில் 200 ஆம்பியர் போனால் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான் இழப்பு. முன்பு இருந்தது 25 சதுர மில்லிமீட்டர், அதில் இழப்பு இரட்டிப்பு. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் வாங்கினேன், கடல் காற்றில் சாதாரணச் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துக்கொண்டு போகும். லக்கை நல்ல கிரிம்ப் கருவி வைத்து நசுக்கி, மேலே பசை உருகுகிற சுருங்கு குழாய். பற்றவைத்தால் இன்னும் உறுதி என்று நிறையப் பேர் சொல்வார்கள். மூட்டு சூடானால் அந்தப் பற்று இளகிவிடும் என்பதால் நான் கிரிம்ப் பக்கம்தான்.

ஃப்யூஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் இருந்தது. பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் கம்பிக்கு 7 அங்குலத்துக்குள், அதாவது 18 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் அடிப்படை விதி. ஆனால் ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளுக்கு மட்டும் விலக்கு உண்டு. காரணம், மோட்டார் கிளம்புகிற அந்தக் கணத்தில் இழுப்பு எகிறும், ஃப்யூஸ் பொட்டென்று போய்விட்டால் வேண்டிய நேரத்தில் எஞ்சின் கிடைக்காது. விலக்கு இருக்கிறது என்பதற்காக அந்தக் கேபிளைக் கண்டபடி ஓட்டக்கூடாது. நான் முழு நீளத்துக்கும் குழாய் போட்டு, சூடான இடங்களிலிருந்து தள்ளி, ஒரு ஜாண் இடைவெளிக்கு ஒரு கிளிப் அடித்திருக்கிறேன்.

வீட்டு பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. அதுவரை இரண்டு பக்கத்தையும் இணைத்தது வோல்டேஜைப் பார்த்துச் சேர்த்துப் பிரிக்கிற ஒரு ரிலே. 13.3-க்கு மேல் போனால் எஞ்சின் ஓடுகிறது என்று நினைத்துச் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். ஈய பேட்டரிகளுக்கு அருமையான சாதனம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ சும்மா படுத்திருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். ரிலே பாவம், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நம்பி இரண்டையும் பிரிக்காமலே விட்டுவிடும். தனித்தனியாக வைக்கப் படாத பாடு பட்டதெல்லாம் வீண்.

இப்போது ஆல்டர்னேட்டர் நேராக எஞ்சின் பேட்டரியை நிரப்புகிறது. அங்கிருந்து, ஒரு பேட்டரியிலிருந்து எடுத்து இன்னொன்றை நிரப்புகிற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குப் போகிறது. இதில் இரண்டு லாபம். லித்தியம் கொடுக்கிறதையெல்லாம் விழுங்கும், விட்டால் ஆல்டர்னேட்டர் சுட்டுக் கருகும் வரை இழுக்கும். இந்த சார்ஜர் 30-க்கு மேல் விடாது. இரண்டாவது, லித்தியத்துக்குள் இருக்கிற காவல் சர்க்யூட் எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்திவிடலாம். ஆல்டர்னேட்டர் நேராக அதில் இணைந்திருந்தால், போக இடமில்லாத மின்சாரம் எகிறி ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற டயோடுகளைக் கொன்றுவிடும். நடுவில் ஈய பேட்டரி இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். பழைய வட்ட ஸ்விட்சை எஞ்சின் ஓடும்போது அணைக்கக்கூடாது என்று சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

நீண்ட நாள் எஞ்சினைத் தொடாமல் கிடக்கும்போது பேட்டரி தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. அதற்கு 10 வாட் சோலார் தகடு ஒன்றைச் சின்ன கட்டுப்படுத்தியோடு அதற்கென்றே மாட்டியிருக்கிறேன்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் அந்த பேட்டரி ஒருநாள் கைவிட்டால்?

லித்தியத்திலிருந்து நேராகக் கிளப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் பேட்டரியின் காவல் சர்க்யூட் 100 ஆம்பியருக்கு மேல் நீடித்து விடாது. ஸ்டார்ட்டர் கேட்டதும் சாத்திக்கொள்ளும், படகு முழுக்க இருட்டாகும். பாறைக்கு முன்னால் அதுவும் சேர்ந்து நடந்தால் எப்படி இருக்கும்! அதனால் எதிர்த் திசையில் இன்னொரு சின்ன சார்ஜர், 20 ஆம்பியர். பட்டனைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் மூன்று ஆம்பியர்-மணிக்கு மேல் எஞ்சின் பேட்டரிக்குப் போகும். மேலே போட்ட கணக்கை ஞாபகம் வைத்திருந்தால், பேட்டரி காலிதான், கெடவில்லை என்றால் பல தடவை கிளப்ப அது போதும்.

"அங்கேருந்து இங்கே, இங்கேருந்து அங்கே. நாய் தன் வாலைத் துரத்துற மாதிரி ஆகாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டு சார்ஜரும் ஒன்றாக ஓடினால் சுற்றிச் சுற்றிச் சூடாகத்தான் வீணாகும். ஒன்று ஓடினால் மற்றது ஓட முடியாதபடி ஒரே மாற்று ஸ்விட்சில் இரண்டையும் கட்டினேன். அந்த யோசனைக்கான பெருமை அவருக்கே.

ஆனால் அன்றைய ராத்திரிக்கு இது எதுவும் உதவியிருக்காது, நட்டுதானே தகராறு. உதவியிருக்கக்கூடியது ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர், செங்கல் அளவு லித்தியம் பெட்டி. அதை எல்லோரும் பேட்டரி முனையில்தான் மாட்டுவார்கள். அங்கே மாட்டினால் அதே ஸ்விட்ச், அதே கேபிள், அதே நட்டு. சிவப்புக் கவ்வியை நேராக ஸ்டார்ட்டரின் பெரிய முனையிலும் கறுப்புக் கவ்வியை எஞ்சினின் வெற்று இரும்பிலும் மாட்டினால்தான் பழுதான பாதையையே சுற்றிக்கொண்டு போகலாம். எங்கள் ஸ்டார்ட்டர் எட்டாத இடத்தில் இருக்கிறது. அதனால் அதன் முனையிலிருந்து அரை மீட்டர் தடித்த கேபிளை மேலே கொண்டுவந்து, எஞ்சின் அறைக் கதவுக்கு உள்ளே ஒரு செம்பு முனையில் நிறுத்தி ரப்பர் தொப்பி போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே எஞ்சின் இரும்பிலிருந்து வருகிற கறுப்பு முனை. டார்ச் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்தோம். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், அதனால் அவசரமில்லாத ஒரு மத்தியானத்தில் நாலு தடவை.

பேட்டரி மேலேயே கவ்வியை மாட்டுவதைத் தவிர்க்க வேறு காரணமும் இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது ஈய பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

டிக் என்ற சத்தம்கூட வரவில்லை என்றால் அது வேறு கதை. சாவியிலிருந்து எஞ்சினுக்கு வருகிற மெல்லிய கம்பிதான் சந்தேகத்துக்குரியது. பல மீட்டர் நீளம், நடுவில் நாலைந்து பிளக். எஞ்சின் பக்கத்தில் ஒரு ரிலே வைத்து அந்தக் கம்பியின் சுமையைக் குறைத்தேன். கூடவே எஞ்சின் அறைக்குள் மூடியோடு ஒரு பட்டன், சாவியைத் தாண்டி நேராக ஸ்டார்ட்டரின் காந்த ஸ்விட்சான சொலினாய்டுக்கு. கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும், இந்தப் பட்டனுக்கு அது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எஞ்சின் கிளம்பாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால், கடல்நீர் பம்பும் கூடவே சுற்றும். அந்த நீரை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பி, அங்கிருந்து சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடும். பிறகு பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் போனால் கடல்நீர் வால்வை மூடிவிடுவோம், எஞ்சின் பிடித்த அந்த நொடியே திறப்போம். மறக்காமல் இருக்க, வால்வை மூடுகிறவர் சாவி வளையத்தில் இருக்கிற சிவப்பு ரிப்பனைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். ஸ்டார்ட்டருக்கும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் கொடுப்பதில்லை, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு.

மாதம் ஒருமுறை இதையெல்லாம் சோதிக்கிறேன். வால்வை மூடி, எஞ்சின் கிளம்பிவிடாமல் இருக்க நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஐந்து நொடி சுற்றவிட்டு மீட்டரைப் பார்ப்பேன். பிறகு நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தடவை. இரண்டு எண்ணையும் தேதியோடு பேட்டரிப் பெட்டியின் மூடி மேலேயே மார்க்கரில் எழுதுகிறேன். கணக்கு எழுதிய கை சும்மா இருக்காது. புதிதாக வைத்தபோது 10.8. அப்புறம் 10.7, 10.7, 10.6. போன மாதம் 10.1 என்று வந்தது. நெகட்டிவ் பக்கம் 0.15, அசையவில்லை. ஆக கேபிள் மேல் குற்றமில்லை, இந்தத் தடவை உண்மையாகவே பேட்டரிக்குத்தான் வயதாகிறது. 9.6-ஐத் தொடும்வரை காத்திருக்கப் போவதில்லை, அடுத்த துறைமுகத்தில் மாற்றிவிடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"ஒருவேளை நட்டா இருக்குமோ?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

போய் ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.